கோட்டுக்கு எந்தப் பக்கம்

2025ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி தொடங்கவிருந்தது. அங்கே அது நள்ளிரவு பன்னிரண்டு மணி. நெய்வேலி நகரியத்தின் பதினோராம் பிளாக்கில், எங்கள் வீட்டு முன்னறையில், என் மருமகள் காயத்ரி இரண்டு கணினித் திரைகளுக்கு முன்னால் அமர்ந்திருந்தாள். வெளியே புயல் மழை. நான் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் வேலை செய்யும்போது முன்னறைக்குள் எவரும் வரக்கூடாது என்பது அவளுடைய விதி. சமையலறை வாசல் முன்னறையைச் சேர்ந்ததன்று என்பது என்னுடைய முடிவு.

பந்தயம் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நம் நாட்டில் அந்த ஆண்டுதான் சட்டம் தடை செய்திருந்தது. இங்கே தள்ளியதை அங்கே தொடங்கிவைக்க நம் வீடுதானா கிடைத்தது என்று முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"கதவைத் தொறக்கறவங்க வேற, அத்தை. நாங்க வேலி" என்றாள் காயத்ரி.

அவள் சொன்னது உண்மை. அவள் பணிபுரிந்த கோயம்புத்தூர் நிறுவனம் பந்தயம் நடத்துவதில்லை. பந்தயம் கட்டுகிறவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று பார்த்துச் சொல்வது மட்டுமே அதன் தொழில். மாநிலத்துக்குள் நின்றால் பச்சைப் புள்ளி, பந்தயம் ஏற்கப்படும். எல்லைக்கு வெளியே ஓர் அடி தள்ளி நின்றாலும் சிவப்புப் புள்ளி, மறுக்கப்படும். கன்சாஸ் சிட்டி என்ற நகரத்தில் ஒரு தெருவின் நடுவிலேயே மாநில எல்லை ஓடுகிறதாம். கிழக்குச் சாரி வீடுகள் மிசௌரி; மேற்குச் சாரி வீடுகள் கன்சாஸ். பந்தயம் கட்டுவதற்கு அமெரிக்க நிறுவனம் ஒன்று நடத்தும் கைபேசிச் செயலிக்குத்தான் இந்தக் காவல்; அந்தச் செயலிக்குக் கன்சாஸில் உரிமம் இல்லை. அந்தத் தெருவைக் காவல் காப்பதுதான் அன்று காயத்ரியின் பொறுப்பு.

சுரங்கப் பண்டகசாலையில் நான் முப்பதாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவள். ஒரு பொருள் தனக்குரிய இடத்தில் இருக்கிறதா, இல்லையா என்பதே என் பணிக்காலம் முழுவதும் நான் கேட்ட கேள்வி. மருமகளும் அதே கேள்வியைத்தான் கேட்டுச் சம்பாதிக்கிறாள் என்று தெரிந்தபின் என் எதிர்ப்பு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் அன்று காய் ஆய்ந்தேன்.

காயத்ரி அங்கே ஒப்பந்த ஊழியர். நெய்வேலியில் பிறந்த குழந்தைக்கும் கான்ட்ராக்ட், பெர்மனன்ட் என்ற இரண்டு சொற்களின் வேறுபாடு தெரியும். அன்றைய தொடக்கம் பிழையின்றி நடந்தால், வீட்டிலிருந்தே செய்யும் நிரந்தரப் பணி அவளுக்கு என்று நிறுவனம் சொல்லியிருந்தது. பிழை நேர்ந்தால் அந்தப் பணி கோயம்புத்தூர் அலுவலகத்துக்குப் போய்விடும். அவளும் போக வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். என் மகன் சிவக்குமாருக்கோ இங்கே சுரங்கத்தில் வேலை. அன்று காலை முதல் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது அவன் மனைவியின் மேசையில் தண்ணீர்ப் புட்டியை நிரப்பி வைத்துவிட்டுப் போனான்.

கணினியிலிருந்து அவளுடைய மேலாளர் மருதாசலத்தின் குரல் கோயம்புத்தூரிலிருந்து வந்தது.

"காயத்ரி, ரெடிங்களா? எமகண்டத்துல தொறக்கறாங்க, பாத்தீங்களா?"

"எமகண்டம் நமக்குதான் சார். அவங்களுக்கு நடுராத்திரி."

"நடுராத்திரி மட்டும் நல்ல நேரமுங்களா?"

காயத்ரி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, ஆயினும் அந்த மனிதர் கேட்டது நியாயமான கேள்விதான்.

மருதாசலம் செய்தியைச் சொன்னார். முதல் பந்தயத்தைப் பெரிய விளம்பரமாகச் செய்ய அமெரிக்கர்கள் முடிவு செய்திருந்தார்கள். அந்த எல்லைத் தெருவில், மிசௌரிப் பக்கத்தில், டோரத்தி என்ற மூதாட்டி ஓர் உணவகம் நடத்துகிறார். ஊரின் கால்பந்து அணிக்காக எல்லா ஆட்டத்துக்கும் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போகிறவர். பன்னிரண்டு அடித்ததும் அவர் தம் கைபேசியில் முதல் பந்தயத்தைக் கட்டுவார். படக்கருவிகள் சுற்றி நிற்கின்றன. கடை நிறையக் கூட்டம்.

"அந்தம்மாவோட சட்டைதான் சிவப்பா இருக்கோணும். புள்ளி சிவப்பா வந்துச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுதுங்க" என்றார் அவர்.

காயத்ரி திரையில் உணவகத்தின் காட்சியையும் ஓரமாக வைத்திருந்தாள். அங்கே மக்கள் உரத்த குரலில் பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குமுகமாக எண்ணத் தொடங்கினார்கள். என்னை அறியாமல் நானும் எழுந்து நின்றேன். மடியிலிருந்த அவரைக்காய் தரையில் சிதறியது; குனிந்து பொறுக்கத் தோன்றவில்லை.

மணி அடித்தது. வரைபடம் முழுவதும் பச்சைப் புள்ளிகள் முளைத்தன. மிசௌரி மாநிலமே ஒரு நாற்றங்கால்போல நொடிப்பொழுதில் தழைத்துவிட்டது. எல்லைக் கோட்டுக்கு வெளியே அங்கங்கே சிவப்புகள் தோன்றித் தோன்றி மறைந்தன. வேலி நின்றது. காயத்ரி இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள்.

"நிக்குது அத்தை! கோடு நிக்குது!"

வேலை நேரத்தில் அவளே என்னோடு பேசிவிட்டாள். நானும் விதியை மீறி முன்னறைக்குள் இரண்டடி வைத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த எல்லைத் தெருவில், கோட்டுக்கு மேற்கே, ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது. மறைந்தது. மறுபடி தோன்றியது. உணவகக் காட்சியில் டோரத்தி கைபேசியைத் தட்டுவதும் நெற்றியைச் சுருக்குவதும் தெரிந்தன. கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது.

"காயத்ரி! அது அந்தம்மாவுங்க! கடை கெழக்கால இருக்குது, புள்ளி மேக்கால விழுகுது!"

"பாத்துட்டேன் சார்."

"சேட்டிலைட் மழையில தப்பாக் காட்டுதுங்களா?"

"மழை இங்கதான் சார். அங்க வானம் சும்மா கிடக்கு."

அவள் விரல்கள் விசைகளின்மேல் ஓடின. புள்ளி அசையவில்லை. டோரத்தி மூன்றாம் முறை தட்டினார். மூன்றாம் முறையும் மறுப்பு. மருதாசலத்தின் குரல் தணிந்தது. தணிந்த குரலைத்தான் நான் எப்போதும் ஐயத்தோடு கேட்பேன்.

"ஒண்ணு பண்ணுங்க. அந்தத் தெருவுல மட்டும் கோட்டை ஒரு அம்பதடி மேக்கால தள்ளி வெச்சிருங்க. அந்தம்மா கட்டி முடிச்சதும் பழையபடி இழுத்துக்கலாமுங்க."

"சார், அது மாநிலத்தோட எல்லை. நம்ம வாசல் கோலம் இல்ல, வேணுங்கிற பக்கம் இழுக்க."

"எனக்குத் தெரியாதுங்களா? மேல கத்தறாங்க. உங்க பெர்மனன்ட் இன்னைக்குத்தான் கையெழுத்தாகுதுங்க. யோசிச்சுக்கங்க."

"தள்ளி வச்சா மேக்குச் சாரியில இருக்கற மத்தவங்களும் உள்ள வந்துருவாங்க. பாருங்க, அங்கயே ரெண்டு பேர் தட்டிக்கிட்டே இருக்காங்க."

"நீங்க பண்ணலீன்னா ஆபீஸ்ல இருக்கற பசங்களை வெச்சுப் பண்ணிக்கறேன்."

காயத்ரி ஒலிவாங்கியை அருகில் இழுத்தாள். "பண்ணாதீங்க சார். ஏன் தப்பாக் காட்டுதுன்னு நான் கண்டுபிடிக்கிறேன். கொஞ்சம் டைம் குடுங்க" என்றாள்.

அந்த வேலையை விட்டுவிடு என்று முந்தின நாள்வரை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்த நான், அந்த நொடியில் அவள் வெல்ல வேண்டும் என்று விரும்பினேன். கோட்டைத் தள்ள மறுத்தாளே, அதற்காக.

என் கைபேசி அதிர்ந்தது. ஒலியை அடக்கி வைத்திருந்தேன். சமையலறைக்குப் போய் எடுத்தேன். மழை ஓசையில் எதுவும் கேட்கவில்லை. ஒலிபெருக்கியைப் போட வேண்டியதாயிற்று. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்து நகரியத்தில் பொட்டலங்கள் கொடுக்கும் சிலம்பரசனின் குரல் வீடெங்கும் கேட்டது.

"ஆயா, மிக்சி ஜாரு வந்துக்கினு இருக்குதுன்னீங்கல்ல, கொண்டாந்துட்டேங்க. வாசல்லதான் நனைஞ்சிக்கினு நிக்கிறேன். வூடு பூட்டிக்கினு இருக்குதே?"

"எந்த வாசல்ல நிக்கற நீ? என் வாசல்ல ஒரு பூனைகூட இல்ல."

"மேப்பு இங்கதாங்க காட்டுது. நீங்க அனுப்புன லொகேசன்தான் ஆயா. இருபத்தோராம் பிளாக்."

"அது பழைய குவார்ட்டர்ஸ்! தீபாவளிக்கு முன்னாடியே மாறி வந்தாச்சு. இப்ப அங்க கலியமூர்த்தி சார் இருக்கார். போன மாசம் என் முட்டிவலித் தைலத்தையும் அங்கதான் குடுத்துட்டுப் போன. அவர் தேய்ச்சே முடிச்சுட்டார்."

"நான் இன்னா பண்ணட்டும்? நீங்க மாறிட்டீங்க, உங்க போனு மாறலியே! அது பழைய வூட்டுலியே குந்திக்கினு இருக்குது!"

முன்னறையில் நாற்காலி தரையில் உரசிய ஓசை கேட்டது. காயத்ரி சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அத்தை, அவரை லைன்லயே இருக்கச் சொல்லுங்க. உங்க போனைக் குடுங்க!"

கைபேசியில் வரைபடத்தைத் திறந்தாள். நீலப் புள்ளி இருபத்தோராம் பிளாக்கில் நின்றது. நாங்கள் இருவரும் நிற்பதோ பதினோராம் பிளாக்கில். வீட்டு வைஃபையிலிருந்து கைபேசியைத் துண்டித்தாள். நீலப் புள்ளி ஒரு முறை நடுங்கியது. பிறகு தெருக்களை எல்லாம் தாண்டி வந்து எங்கள் வீட்டின்மேல் உட்கார்ந்தது.

"வைஃபை பெட்டி!" என்று கத்தினாள். "குவார்ட்டர்ஸ் மாறும்போது பெட்டியையும் கையோட தூக்கிட்டு வந்தோம்ல? அந்தப் பெட்டி இருபத்தொண்ணுலதான் இருக்குன்னு மேப்புக்குப் பழைய ஞாபகம். வீட்டுக்குள்ள இருக்கும்போது போன் பெட்டியைத்தான் நம்புது!"

அந்தப் பெட்டியைத் துணி சுற்றி, மேலே பெயர் எழுதி ஒட்டிக் கொண்டுவந்தவள் நான். பொருள் புதிய இடத்துக்கு வந்துவிட்டது. அதன் முகவரி வரவில்லை.

காயத்ரி ஓடிப்போய் ஒலிவாங்கியைப் பிடித்தாள். "சார், அந்தக் கடை எத்தனை நாளா அங்க இருக்கு? கேளுங்க! இடம் மாறுச்சான்னு கேளுங்க!"

மருதாசலம் யாரிடமோ ஆங்கிலத்தில் வினவினார். டோரத்தி தெருவுக்கு எதிர்ப்பக்கம் கை காட்டுவதைத் திரையில் கண்டோம்.

"போன மாசந்தான் மாத்துனாங்களாமுங்க! முன்ன எதுத்தாப்புல, மேக்குச் சாரியில இருந்துச்சாம்!"

"பழைய வைஃபை பெட்டியையே கொண்டுவந்து மாட்டியிருப்பாங்க. அந்தம்மா போன்ல வைஃபையை ஆஃப் பண்ணச் சொல்லுங்க சார்!"

டோரத்தி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கைபேசியைத் தடவினார். காயத்ரி திரையை நோக்கிக் குனிந்தாள். நானும் குனிந்தேன். சிவப்புப் புள்ளி மறைந்தது. தெருவின் கிழக்குச் சாரியில், கோட்டுக்கு இந்தப் பக்கத்தில், கடையின் கூரைமேல் துல்லியமாக ஒரு பச்சைப் புள்ளி தோன்றியது.

டோரத்தி மறுபடி தட்டினார்; பந்தயம் ஏற்கப்பட்டது. உணவகம் ஆரவாரத்தில் அதிர்ந்தது. டோரத்தியை யாரோ தூக்கிச் சுற்றினார்கள். மருதாசலம் மேசையைத் தட்டிய தட்டு இங்கே இடிபோல விழுந்தது. காயத்ரி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். என் முட்டி வலியை மறந்து நானும் கத்திக்கொண்டே ஒரு முறை குதித்தேன். ஒரு முறைதான். கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. மேற்குச் சாரியில் அந்த இரண்டு சிவப்புப் புள்ளிகளும் இன்னும் வெளியேதான் தட்டிக்கொண்டிருந்தன.

"உங்க வீட்டுல யாருங்க கத்துனது?" என்றார் மருதாசலம்.

"எங்க அத்தை சார்."

"பந்தயம் கட்டிப்போட்டாங்களோன்னு நெனச்சேன்!"

"என் வீட்டுல யாரும் எதையும் கட்டல" என்று நான் ஒலிவாங்கிக்குக் கேட்கும்படி சொன்னேன்.

அப்போது என் கைபேசியிலிருந்து பரிதாபமான குரல் ஒன்று வந்தது.

"ஆயா, லைன்ல இருக்கச் சொன்னீங்களே... நான் இன்னும் மழையிலதாங்க நிக்கிறேன்."

சிலம்பரசன் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தான். துவாலையும் காப்பியும் கொடுத்தேன். அவனால் அமெரிக்காவில் ஒரு காரியம் நடந்தது என்று காயத்ரி விளக்கினாள். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தூரு ஆயாவும் வூடு மாத்தினாங்களாங்க? சொல்லியிருந்தா அவுங்களுக்கும் ஒரு ஜாரு கொண்டுபோயிருப்பேன்" என்றான். காயத்ரி காப்பியைச் சிந்திவிட்டாள். துடைக்கச் சொல்லாமல் நானே துடைத்தேன்.

மாலையில் மருதாசலம் மறுபடி அழைத்தார். கோட்டைத் தள்ளச் சொன்னது தம் தவறு என்றும், மேலிடத்திலும் அப்படியே சொல்லிவிட்டதாகவும் கூறினார். அதைக் கேட்டபின் அவர்மேல் இருந்த வருத்தம் எனக்கு நீங்கியது. ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த சிவக்குமார் மனைவியின் தோளில் கை வைத்தான். பிறகு சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்து பேசினோம்.

முடிவானது இது. காயத்ரிக்கு நிரந்தரப் பணி வழங்கப்பட்டது. நெய்வேலியில் எங்கள் வீட்டு முன்னறையிலிருந்தே அவள் அதைச் செய்வாள். எல்லையைக் காக்கும் வேலை மட்டுமே அவளுடையது. பந்தயத்துக்கு ஆள் சேர்க்கும் பிரிவுக்கு மாற்றினால் விலகிவிடுவதாக அவளே நிறுவனத்துக்கு எழுதினாள், நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. வேலை நேரத்தில் முன்னறைக்குள் நான் வருவதில்லை. சமையலறை வாசலில் என் நாற்காலி இருக்கும். எங்கள் வைஃபை பெட்டி பதினோராம் பிளாக்குக்கு வந்துவிட்டது என்பதை வரைபடம் ஒப்புக்கொள்ளும்வரை, பொட்டலம் கொடுக்க வரும்போது சிலம்பரசன் முதலில் என்னிடம் பேசிவிட்டே வண்டியைத் திருப்புவான்.