என் அப்பாவுக்கு முழங்கால் வலி இல்லை

1

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் சரக்கு என்னுடையது இல்லை. கல்லூரியின் கடைசி வருடத்தில் என் வகுப்புத்தோழன் சொல்லக் கேட்டது, பிறகு வேறோர் இடத்தில் நான் செலவழித்தது. ஒருமுறை செலவழித்ததையே மறுபடியும் எடுத்துக்கொண்டு உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே.

இதற்கு முன் நான்கு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். அவற்றில் சுமாராக வந்தது இது:

"நேர்முகத் தேர்வு நடந்த அறையின் கண்ணாடிக் கதவில் காலை வெயில் ஒரு நீண்ட—"

வெயிலுக்கு இங்கே என்ன வேலை? செய்த காரியத்தைச் சொல்லக் கூசும்போதுதான் நான் வெயிலை வர்ணிக்கப் போவேன். இது உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

2

தோழனை வக்கீல் என்று அழைப்போம். நான்கு வருடத்தில் ஒருவரிடமும் வாதாடாதவன் என்பதால் நாங்கள் வைத்த பட்டம். வாயில்லாப் பூச்சி. மதிப்பெண்ணில் என்னைவிட எவ்வளவோ மேலே. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் மட்டும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்பான். நான் நேர்மாறு. தெரியாததைப் பற்றியும் பத்து நிமிடம் பேசுவேன்.

அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அவன் எனக்குப் பாடம், நான் அவனுக்குப் பேச்சு. மதியம் மூன்று மணிக்கு மேல் காலியாகும் வகுப்பறையில் நான் தேர்வாளராக உட்காருவேன், அவன் பதில் சொல்வான். சொல்லி முடித்ததும் இடம் மாறிக்கொள்வோம். அவன் சொன்ன பதிலையே நான் அவனாக இருந்து, 'நான்', 'எனக்கு' என்று கொஞ்சம் சீராக்கித் திருப்பிச் சொல்வேன். அதைக் கேட்டுவிட்டு அவன் மறுபடி சொல்வான். இதற்குப் பெயர் 'பாலிஷ்'. என் சொந்தக் கண்டுபிடிப்பு.

ஒரு நாள் கேள்வி: நீங்கள் சந்தித்த பெரிய கஷ்டம் எது?

அவன் அப்பா பார்சல் வண்டி ஓட்டுபவர். முழங்காலில் அடிபட்டு மாடி ஏற முடியாமல் போய்விட்டது. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலைக்கு வேட்டு. எட்டு மாதம், வகுப்புக்கு முன்னும் பின்னும், வக்கீல்தான் பார்சல்களைத் தூக்கிக்கொண்டு ஏறினான். அப்பா கீழே வண்டியில் உட்கார்ந்திருப்பார்.

"அப்புறம்?" என்றேன், தேர்வாளர் தோரணையில்.

"அப்புறம் என்ன... அப்பா தண்ணி குடிக்க மாட்டாருடா. நான் கீழ வர்ற வரைக்கும். பாட்டில் பக்கத்துலயேதான் இருக்கும். வேர்த்துக் கொட்டும். 'குடிங்கப்பா'ன்னு சொன்னா, 'நீ மேல வெறும் தொண்டையா நிக்கிற, எனக்கு எப்படிடா இறங்கும்'பாரு."

"இத விட்டுடாத. இதுதான் பாயிண்டே," என்றேன்.

அதற்குப் பிறகு பதினொரு முறை, அவன் நாற்காலியில் உட்கார்ந்து, 'எங்கப்பா' என்று நான் அதைச் சொல்லியிருக்கிறேன்.

(ஒரு குறிப்பு: என் அப்பா லிஃப்டில் ஏறிப் போய் நாற்காலியில் உட்காரும் உத்தியோகஸ்தர். அவருக்கு முழங்கால் வலி இல்லை. வேளாவேளைக்குத் தண்ணீர் குடிப்பார். எனக்கென்று ஒரு கஷ்டம் தேடி இரண்டு வாரம் அலைந்தேன். மூன்றாம் வகுப்பில் அம்மை போட்டதைத் தவிர ஒன்றும் தேறவில்லை.)

3

கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கே வந்தார்கள். மேசைக்குப் பின்னால் இரண்டு ஆண்கள், நடுவில் ஒரு மேடம். எனக்குக் காலையில், வக்கீலுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு.

மேடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். பாதியில் கெட்டுப்போன புராஜெக்ட்டைச் சரிசெய்த கதையைச் சொல்வதாகத் திட்டம். வாயைத் திறந்தேன். "எங்கப்பா பார்சல் வண்டி ஓட்டறார், மேடம்" என்று வந்தது.

இந்த இடத்தை எட்டு விதமாக எழுதிக் கிழித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் நான் பாவப்பட்டவனாகவே வந்து நிற்கிறேன். நடந்தது இவ்வளவுதான். முதல் வாக்கியம் பழக்கதோஷம், சத்தியம் செய்வேன். உடனே மேடம் ஏதோ காகிதம் எடுக்கக் குனிந்தார். நிறுத்துவதற்கு நேரம் இருந்தது. நான் நிறுத்தவில்லை. அவர் நிமிர்ந்ததும் தொடர்ந்தேன், தண்ணீர் வரைக்கும் போனேன். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வெளியே வந்தபோது நல்ல வெயில்.

(பார்த்தீர்களா? வெயில் வந்துவிட்டது. அடுத்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தேன். அந்த ஒரு மணி நேரமும் வக்கீலோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். "என்னடா கேட்டாங்க?" என்று அவன் கேட்டான். 'கஷ்டம் பத்திக் கேட்டா வேற சொல்லு' என்று ஒரு வார்த்தை போதும். "பதட்டத்துல ஒண்ணும் ஞாபகம் இல்லடா," என்றேன்.)

4

வக்கீல் ஏழு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டான்.

"சிரிச்சாங்கடா."

"யாரு?"

"மூணு பேரும். தண்ணி விஷயத்தச் சொல்றேன், ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிக்கிறாங்க. 'போதும்ப்பா, தேங்க்ஸ்'னுட்டாங்க. எங்கப்பாவப் பத்திச் சொன்னா சிரிப்பு வருமாடா? நான் சொன்ன விதம் தப்பா?"

(இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லிவிடும் ஒரு பிரதியும் இருக்கிறது. அதில் அவன் என் சட்டையைப் பிடிக்கிறான். படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை.)

"கொஞ்சம் ஓவராத் தெரிஞ்சிருக்கும்டா," என்றேன். "இனிமே அத எங்கயும் சொல்லாத. நம்புற மாதிரி வேற ஏதாவது சொல்லு."

தலையாட்டினான். பேச்சில் நான்தானே அவனுக்கு வாத்தியார்.

வேலை எனக்குக் கிடைத்தது. ஆறு மாதம் கழித்து, அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது மேடம் சொன்னார்: "உன் கதைய அப்படியே ஒரு பையன் மத்தியானம் வந்து ஒப்பிச்சான், தெரியுமா? எங்கயோ ஒட்டுக் கேட்டிருப்பான் போல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பைக் கதையில் வைப்பதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அதை எடுத்துவிட்டால் மற்ற எல்லாமே பொய்யாகிவிடும்.

5

பன்னிரண்டு வருடம் ஆகிறது. வக்கீலுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்து நன்றாகத்தான் இருக்கிறான் என்று ஒரு வாக்கியம் எழுதி ஆறுதல் தேடினேன். நன்றாகத்தான் இருக்கிறான். அதில் எனக்கு ஒரு பங்கும் கிடையாது.

போன வாரம் தன் கடைசித் தங்கையை என்னிடம் அனுப்பினான். படிப்பை முடிக்கப்போகிறாள், முதல் நேர்முகத் தேர்வு. 'அவன்கிட்டப் போ, நல்லா சொல்லிக் குடுப்பான்' என்றானாம். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். சந்தித்த சவால் என்ற கட்டத்தில், வினாடி வினாப் போட்டியில் தோற்று மறுவருடம் ஜெயித்ததை எழுதியிருந்தாள்.

"வீட்டுல எதுவும் இல்லையாம்மா, எழுதற மாதிரி?" கேட்கும்போதே எனக்கு வாய் கூசியது.

"இருக்குண்ணா. எங்கண்ணன்தான் கூடாதுன்னுட்டான். வீட்டு விஷயம் சொன்னா சிரிப்பாங்களாம். அப்பாவையே அவன் சொல்ல விடமாட்டான். முன்னெல்லாம் யாராவது வந்தா அப்பா ஆரம்பிச்சிடுவாரு, 'எம்புள்ள எட்டு மாசம் எனக்காக மாடி ஏறினான்'னு. 'விடுங்கப்பா, யாரும் நம்ப மாட்டாங்க'ன்னு இவன் எழுந்து போயிடுவான். இப்பல்லாம் அப்பா அதச் சொல்றதே இல்ல."

ஒரு வேலையைத்தான் தட்டிப் பறித்தேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் தன் மகனைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வதையும் நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் விண்ணப்பத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

6

முடிவுக்கு வருவோம்.

ஒரு முடிவில் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், அவள் மன்னித்துவிடுகிறாள். அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். மன்னிக்க அவள் யார்? இன்னொன்றில் இந்தக் கதை அச்சாகிறது, வக்கீலுக்கு ஒரு பிரதி அனுப்புகிறேன். அது இன்னும் கேவலம். நாலு பேர் 'பிரமாதம்' என்று சொன்ன பிறகு கேட்கிற மன்னிப்பு. மூன்றாவதில் நான்—

மூன்றாவதை யோசிப்பதற்குள் அந்தப் பெண் போனை எடுத்துவிட்டாள். "அந்த மாடி விஷயத்த எழுதலாம்னு நீங்களே அவன்கிட்டச் சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னாத்தான் கேப்பான்." போன் என் கைக்கு வந்தது.

"என்னடா, பாப்பா எப்படிப் பேசறா? தேறுவாளா?" என்றான் வக்கீல். பின்னால் ஒரு வயதான குரல் கேட்டது. "இருடா, எங்கப்பா கேக்கறாரு, நீ நல்லா இருக்கியான்னு. என்ன சொல்ல?"

போன் என் காதில் இருக்கிறது. அடுத்த வாக்கியத்தை நான் எழுதினால் அது அழகாக வந்துவிடும். அழகாகச் சொல்லத் தெரிந்ததால்தான் இத்தனையும் ஆயிற்று. அதனால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் வாயில் எந்த வார்த்தையை வேண்டுமானாலும் வையுங்கள், என்னைக் காப்பாற்ற வேண்டாம். கொஞ்சம் சீக்கிரம் மட்டும் வையுங்கள். அங்கே அவர் இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறார்.