இடது சக்கரத்தின் கண்ணாடிக் குருணை

1

இந்தக் கதை என் சாப்பாட்டு மேசைமேல் இருக்கும் ஒரு டேபிள் ஃபேனிலிருந்து வந்தது. அதற்கு இறக்கைகள் கிடையாது. அந்த இடத்தில் மூடியோடு கூடிய வட்டமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று. டப்பாவுக்குள் ஒரு கை கண்ணாடிக் குருணை. அடியில் பழைய சோபாவிலிருந்து பிடுங்கிய நான்கு ஸ்பிரிங். டெல்லி ஜனக்புரி வீட்டுக்கு வருகிறவர்கள் "இது என்ன?" என்று கேட்கிறார்கள். "லாரிச் சக்கரம்" என்பேன். அடுத்த கேள்வி வராது. நீங்கள் கேட்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன்.

அதைச் செய்தவர் போன வருஷம், 2006 பிப்ரவரியில், காலமானார். கதையில் அவர் பெயர் பத்மநாபன். மனைவி ருக்மிணி. முதலில் "நான்" என்றுதான் எழுதினேன். மூன்றாவது வரியிலேயே எனக்கு நானே வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிட்டேன். அதனால் அவள் ருக்மிணி. அவளிடம் எனக்குப் பாசம் உண்டு. தப்பிக்க விடப்போவதில்லை.

2

"சக்கரம் என்பது வட்டம் என்று நாம் நம்பினாலும்..."

பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

"அன்று மட்டும் ருக்மிணி குழாயைத் திறக்காமல் இருந்திருந்தால்..."

எடுத்த எடுப்பிலேயே அனுதாபம் கேட்கிறது. இதுவும் வேண்டாம். நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

3

பத்மநாபன் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் வாகனப் பிரிவில் ஃபோர்மன். அந்த அலுவலகம் கண்ணாடிக் குழாய் வைத்த அளவுக் கருவிகளை லாரியில் ஊர் ஊராக அனுப்பும். போய்ச் சேரும்போது பத்துக்கு இரண்டு விரிசல் விட்டிருக்கும். ரோடு சரியில்லை என்றார்கள் மற்றவர்கள். பத்மநாபன் முன்சக்கரங்களைச் சந்தேகப்பட்டார்.

எந்த டயரும் சுற்றிலும் ஒரே கனமாக இருக்காது. ஒரு பக்கம் கொஞ்சம் கூட இருக்கும். வேகம் எடுத்தால் அந்தக் கூடுதல் சக்கரத்தை உலுக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் ரிம்மில் ஈயக்கட்டியைச் சுத்தியலால் தட்டி மாட்டுவது வழக்கம். ஈயம் பள்ளத்தில் தெறித்துப் போகும். போகாவிட்டாலும் டயர் தேயத் தேயக் கனம் இருக்கும் இடம் மாறும். ஈயம் பழைய இடத்திலேயே இருக்கும்.

1998 ஜூலையில் அலுவலக நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அவர் ஒரு விஷயம் படித்தார். ஈயமே வேண்டாம். டயருக்குள் சின்னச் சின்ன உருண்டைகளைக் கொட்டிவிட்டால் போதும். கனம் எங்கே என்று யாரும் தேட வேண்டியதில்லை. ஓட ஓட அவையே எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்ளும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஃபேன் இறக்கையை இழந்தது.

"ஏன்னா, ஜூலை மாசத்துல ஃபேனைப் போய் இப்படிப் பண்ணிட்டேளே!"

"காத்து வேணும்னா ஜன்னலைத் தெற. இங்க வா ருக்கு. ஒரு டம்ளர் தண்ணி கொண்டா."

"குடிக்கவா?"

"பாக்க."

டப்பாவின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருந்தார். அதுதான் கனம். பக்கத்தில் டம்ளர். ரெகுலேட்டரை ஒன்றில் வைத்தார், குருணை சளசளவென்று புரண்டது. இரண்டில் வைத்தார்; மேசையே ஆடிற்று. தண்ணீர் சிந்தி, அன்றைய பேப்பரை நனைத்தது.

"நன்னாயிருக்கு உங்க ஆராய்ச்சி! மேசைக் கால் போயிடப் போறது. நிறுத்துங்கோ."

"எல்லாரும் ரெண்டுலதான் நிறுத்துவா. செத்தப் பொறு."

மூன்று.

ஒரு மூச்சு நேரம் ஆட்டம் இன்னும் மோசமானது. பிறகு அடங்கியது. ருக்மிணி டம்ளரைப் பார்த்தாள். தண்ணீரில் நொறுங்கிக் கிடந்த டியூப் லைட்டின் பிம்பம் ஒன்றுசேர்ந்து, நேர்க்கோடாக நின்றது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வயது சுபாஷிணி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்: "அப்பா, உன்கோ கிஸ்னே பதாயா? யாரு சொல்லிக் குடுத்தா? அதுக்கு எப்டித் தெரியும், எங்க போணும்னு?"

"யாரும் சொல்லலடி. அந்த ஆட்டமே சொல்லிக் குடுக்கறது."

"எங்க நிக்கறதுன்னு காட்டுங்கோ," என்றாள் ருக்மிணி.

"காட்ட முடியாது. சுத்தறச்சே கண்ணுக்குத் தெரியாது. நிறுத்தினா எல்லாம் கீழ விழுந்துடும். தண்ணியைத்தான் நம்பணும்."

(அடிக்குறிப்பு போல: இந்தப் பதிலுக்காகவே இந்தக் கதையை எழுதலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். எழுதிய பிறகு அது சாதாரணமாகத்தான் இருக்கிறது. அவர் சொன்னபோது எனக்கு, அதாவது ருக்மிணிக்கு, கையில் மயிர் சிலிர்த்தது.)

4

அதிகாரி ஒரே ஒரு சோதனைக்கு அனுமதி கொடுத்தார். கர்னால் வரை போய் வர வேண்டும். கருவிகள் பிழைத்தால் எல்லா லாரிக்கும் குருணை. இல்லையென்றால் இனி அந்தப் பேச்சே கூடாது.

இருபத்தாறு வருஷ சர்வீஸில் பத்மநாபன் தனக்கென்று கேட்டு வாங்கிய ஒரே அனுமதி அது. சதர் பஜாரில் அலைந்து, வலது சக்கரத்துக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என்று இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்களில் குருணை கொண்டுவந்தார். ஜவ்வரிசியைவிடச் சின்னது, ரவையைவிடப் பெரியது. கடைத்தூசியில் சாம்பல் நிறமாக இருந்தது.

கடையிலிருந்து வந்த எதையும் கழுவாமல் ருக்மிணி உபயோகிக்க மாட்டாள். அரிசி, கறிவேப்பிலை, புது டம்ளர், சுபாஷிணியின் பிளாஸ்டிக் ஸ்கேல்கூட. அவர் ஆபீஸ் போன பிறகு "இடது" என்று எழுதிய பாட்டிலைப் பாத்திரத்தில் கவிழ்த்தாள். அரிசி களைவதுபோல் மூன்று தண்ணீர் விட்டுக் களைந்தாள். சாம்பல் போய் மணிமணியாக மின்னியது. வலதை எடுப்பதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. எட்டு மணி.

மொட்டை மாடியில், வடாம் காயவைக்கும் பழைய வேஷ்டியில் பரப்பினாள். ஆகஸ்ட் மாதம்; காற்றே ஈரம். சாயங்காலம் மேலாகத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துவிட்டது என்று நினைத்து பாட்டிலில் கொட்டி மூடினாள். சொல்லவில்லை. ஒளிக்கவும் இல்லை. அரிசி களைந்ததை யார் வந்து சொல்வார்கள்?

5

மறுநாள் நடந்ததை ருக்மிணி பார்க்கவில்லை. எல்லாம் கேட்டதுதான்.

வால்வின் ஊசியைக் கழற்றி, புனல் வைத்து, டியூபுக்குள் கொட்டினார்கள். வலது சரசரவென்று இறங்கியது. இடது தயங்கித் தயங்கி இறங்கியது. பத்மநாபன் புனலைத் தட்டிக் கொடுத்தார். டிரைவர் பல்பீர் சிங் ரோத்தக் பக்கத்து ஜாட், சர்தார் இல்லை. ஈயக்கட்டிகளைக் கழற்றும்போதே சிரித்திருக்கிறார்: "சாப், இதுல கிச்சடி பண்ணப் போறீங்களா?"

சோனிப்பத் தாண்டி வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் உதறியது. பல்பீர் இறங்கி நின்று சொன்ன வாக்கியத்தைப் பத்மநாபன் அப்படியே வீட்டில் வந்து சொன்னார்: "ரைட்வாலா சோ கயா சாப். லெஃப்ட்வாலா நாச் ரஹா ஹை." வலது தூங்கிவிட்டது, இடதுதான் ஆடுகிறது.

ஏற்றிப் போன பத்தில் ஏழு கருவிகள் விரிசல் விட்டன.

அன்று மாலை இடது டியூபைக் கிழித்துப் பார்த்தார்கள். உள்ளே குருணை கொழுக்கட்டை மாதிரி கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. ஒரு கட்டியைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ருக்மிணி காப்பியோடு பக்கத்தில் நின்றாள்.

"ஈரம். எங்கேர்ந்து வந்துது?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள்.

அவர் நிமிரவில்லை. "காத்தடிக்கற கம்ப்ரஸர்லேர்ந்துதான் வந்திருக்கும். காத்தோட தண்ணி. நான்தான் பாத்திருக்கணும். என் தப்பு."

அவள் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

எட்டு வருஷம் போயிற்று. அவர் மறுபடி குருணையைப் பற்றிப் பேசவே இல்லை.

6

இங்கே கதையை வேறு மாதிரி முடித்துப் பார்த்தேன்.

ருக்மிணி சொல்கிறாள்: "ஏன்னா, நான்தான் அலம்பினேன்." பத்மநாபன் ஒரு கணம் பார்க்கிறார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கிறார். "அசடே! நல்லவேளை, தாளிக்காம விட்டியே!" புதுக் குருணை வாங்கி, வாணலியில் வறுத்து, ஆறவைத்து, மறுபடி அதிகாரியிடம்...

இதை எழுதும்போது பேனா தங்குதடை இல்லாமல் ஓடிற்று. அதனாலேயே நிறுத்திவிட்டேன்.

7

பத்மநாபன் போன பதிமூன்றாம் நாள் பல்பீர் சிங் வந்தார். தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.

"பாபிஜி, இது உங்க வீட்டுது. வலது சக்கரத்தோடது."

ருக்மிணிக்குப் புரியவில்லை.

"டயர்லேருந்து இதை நான் எடுக்கவே இல்லை. டியூப் மாத்தும்போதெல்லாம் வடிச்சு, காயவெச்சு, திரும்பக் கொட்டினேன். வண்டி ஏலத்துக்குப் போற வரைக்கும் ஓடிச்சு. ஒரு நாள்கூட உதறலை, கசம் சே, சத்தியமா. இடதுக்கு மட்டும் ஈயம்."

"அவருக்குத் தெரியுமா?"

"சாபுக்கா? மாசம் ஒரு தடவை வந்து வலதைத் தொட்டுப் பார்த்துட்டுப் போவார். வீட்டுல யார்கிட்டயும் சொல்லாதேன்னார்."

ஒரே கடை, ஒரே நாள், ஒரே கம்ப்ரஸர் காற்று. ஒன்று ஓடியது, ஒன்று ஒட்டிக்கொண்டது. ஈரம் கம்ப்ரஸரிலிருந்து வரவில்லை என்று அவருக்குத் தெரிந்துபோயிருக்கும். எப்போது?

அன்று மாலை ருக்மிணி அவருடைய ஷேவிங் பெட்டியை ஒழித்தாள். பிளேடுகளுக்கு அடியில் மடித்த காகிதம். மேலே அவர் கையெழுத்தில் "இடது". உள்ளே ஒரு குருணைக் கட்டி. கட்டியிலிருந்து வெள்ளை நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

மாடியில் குருணையைப் பரப்பிய வேஷ்டியின் நூல் என்று அவள் நினைத்தாள். அப்படியானால் பூதக்கண்ணாடியில் அவர் அதைப் பார்த்திருக்கிறார். அவள் வாயைத் திறந்ததையும் பார்த்துவிட்டு, அவள் பேசுவதற்குள் "என் தப்பு" என்று... (வொர்க்‌ஷாப்பில் கை துடைக்கிற கழிவுப் பஞ்சிலும் வெள்ளை நூல் இருக்கும். எழுதுகிறவள் இதையும் சொல்லியாக வேண்டும்.)

8

முடிவு என்னிடம் இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது என்று எழுதினால் எனக்குப் பெரிய ஆறுதல்; ஆறுதலாக இருப்பதால் எழுதக் கை வரவில்லை. தெரியாது என்று எழுதினால் அந்தப் பொட்டலத்தை எட்டு வருஷம் எதற்கு வைத்திருந்தார்?

சுபாஷிணியிடம் போனில் இதுவரை படித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. முடித்ததும், "அம்மா, ஃபேன் இன்னும் வொர்க் பண்றதா?" என்றாள்.

அவர் போன பிறகு போட்டதில்லை. உள்ளே இருப்பது பழைய குருணை. இந்த ஊரின் ஒன்பது மழைக்காலங்களைப் பார்த்தது. ஒட்டியிருக்கலாம். ஒட்டாமலும் இருக்கலாம்.

இப்போது போட்டிருக்கிறேன். நாணயம் அதே இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் டம்ளர், விளிம்பு வரை தண்ணீர். ஒன்றில் புரண்டது. இப்போது இரண்டில் இருக்கிறது. மேசை ஆடுகிறது. அச்சில் உங்களுக்குத் தெரியாது. இந்த வரியில் என் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. தண்ணீர் சிந்தி, காகிதத்தின் ஓரம் நனைகிறது.

எல்லோரும் இரண்டில்தான் நிறுத்துவார்கள் என்றார். நான் நிறுத்தவில்லை. மேற்கொண்டு திருப்பவும் கை எழவில்லை.

ரெகுலேட்டர் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. மூன்றுக்குத் திருப்பிவிட்டு டப்பாவைப் பார்க்காதீர்கள். தண்ணீரைப் பாருங்கள்.