கடையில் வாங்காத கல்யாணம்

"அசையாத. குத்திரும்" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடியும் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டாள். சின்னவள் முக்காலியின் மேல் கைகளைத் தூக்கியபடி நின்றாள். பழைய ஜன்னல் திரைகளை வெளுத்து, கல்யாண உடுப்புக்கென்று வெட்டிய துணி அவள் உடம்பைச் சுற்றியிருந்தது. இடுப்பில், தோளில், அக்குளுக்குக் கீழே என்று எங்கு பார்த்தாலும் ஊசி. கொஞ்சம் ஆழமாக மூச்சு இழுத்தால்கூட எங்கோ ஒன்று சுருக்கென்றது. பரிசோதனைக் கூடத்தில் காலை முதல் மாலை வரை அடுத்தவர் கையில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பதுதான் அவள் வேலை. "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று தினமும் எத்தனையோ பேருக்குச் சொல்கிறவள். அது எவ்வளவு பெரிய புளுகு என்று இப்போது தெரிந்தது.

வாயில் ஊசி இருக்கும்வரை அம்மாவால் பேச முடியாது. துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தைத்துக் கொடுப்பது அவளுடைய பிழைப்பு என்பதால், ஊசி வாயில் இருக்கும் நேரம் அந்த வீட்டில் ஓரளவு உண்டு. குறுக்கே ஒரு பேச்சு வராமல் அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க வேண்டும் என்றால் அதைவிட்டால் வேறு நேரம் கிடையாது. சின்னவள் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"அம்மா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

அம்மாவின் கை நிற்கவில்லை. முழங்கால் பக்கம் மடிப்பைச் சரிசெய்து ஓர் ஊசியைச் செருகினாள். பிறகு மீதி ஊசிகளை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, நிமிராமலே சொன்னாள்.

"நேத்து உங்க சித்தப்பா நம்ம வீட்டுல சாப்பிட்டாரு."

"தெரியும்."

"ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

அவ்வளவுதான். ஊசிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு, அம்மா முதுகுப் பக்கம் போய்விட்டாள்.

அப்பாவும் சித்தப்பாவும் பேசாமல் இருந்த காலத்துக்குள் சின்னவள் பள்ளிக்கூடம் முடித்து, மேலே படித்து, வேலைக்கும் போய்விட்டாள். சண்டை எதற்கு என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், இரண்டுமே நம்பும்படி இருக்காது. ஒரே தெருவின் ஒரு முனையில் அப்பாவின் சோபா தைக்கும் பட்டறை, மறுமுனையில் சித்தப்பாவின் வெல்டிங் பட்டறை. எதிரும் புதிருமாக வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் செல்போனில் ஏதாவது அவசரமாகப் பார்க்க வேண்டி வரும். அப்படிப்பட்டவர்கள் இப்போது பட்டறைக்குள் உட்கார்ந்து, ஒரு பெஞ்சின் கால் எவ்வளவு வளைய வேண்டும் என்று மணிக்கணக்காக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சிரிக்கும்போது தோள் குலுங்கும் என்பதையே சின்னவள் இப்போதுதான் கவனித்தாள்.

இத்தனைக்கும் காரணம் அவளேதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். சர்வேயர் வரன் வந்தபோது வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் இல்லை. நிலம் அளக்கிற அரசாங்க வேலை, குரல் உயர்த்தாத ஆள், எது கேட்டாலும் "உனக்கு எப்படித் தோணுதோ அப்படி" என்பான். அவனோடு உட்கார்ந்திருந்தால் வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருப்பது போல இருக்கும். மரியாதையான இடம்தான், மின்விசிறியும் ஓடுகிறது, ஆனால் எப்போது எழுந்து போகலாம் என்றே மனம் கணக்குப் போடும். பிடிக்கவில்லை என்றால் என்ன பிடிக்கவில்லை என்று கேட்பார்கள். டோக்கன் கதையை அப்பாவிடம் சொல்ல முடியுமா?

அந்தச் சமயத்தில்தான் மதியச் சாப்பாட்டு வேளையில் செல்போனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. போஹீமியன் கல்யாணம் என்று போட்டிருந்தார்கள். ஏதோ ஒரு வயல்வெளி. ஒட்டுத்துணிப் பந்தலின் கீழே தலையை விரித்துவிட்டு, காலில் செருப்பில்லாமல் மணப்பெண். ஒன்றுக்கொன்று பொருந்தாத நாற்காலிகள், ஜாம் பாட்டில்களில் காட்டுப் பூக்கள், ஜமுக்காளத்தில் சாய்ந்து கிடக்கும் விருந்தாளிகள். யார் முகத்திலும் ஒரு கவலை இல்லை. சின்னவளுக்கு ஒரு யோசனை பளிச்சென்றது. குளிர்சாதன மண்டபம், வரவேற்பில் வெல்வெட் இருக்கை என்று கனவு காண்கிற அப்பா இதற்கு ஒருக்காலும் சம்மதிக்க மாட்டார். அன்று சாயங்காலமே போய்ச் சொன்னாள்: "மண்டபம் வேண்டாம்பா. வெட்டவெளியில, வயக்காட்டுல. கடையில வாங்கினது ஒண்ணுகூட இருக்கக்கூடாது. துணி, நாற்காலி, பத்திரிகை, எல்லாம் நம்ம கையால செஞ்சதா இருக்கணும். அப்படின்னா சரி." ஏழு கடல் தாண்டிப் பூப் பறித்து வரச் சொல்லும் கதை இளவரசிகளின் தந்திரம்தான். ஆனால் அந்த இளவரசிகளுக்கு சோபா தைக்கிற அப்பா கிடையாது.

அப்பா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே, "எத்தனை பேரு உக்காரணும்?" என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும், போட்ட கணக்கு தப்பிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. அம்மா பழைய செய்தித்தாள்களை ஊறவைத்து மிக்ஸியில் அரைத்துக் கூழாக்கி, சல்லடையில் பரப்பிக் காயவைத்துப் பத்திரிகைக்குக் காகிதம் செய்தாள். அன்றிலிருந்து அந்த மிக்ஸியில் எதை அரைத்தாலும் தலைப்புச் செய்தி வாசனை வந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் பந்தலுக்கென்று ஆளுக்கொரு பழைய துணி கொடுத்தார்கள். பெஞ்சுக்கு இரும்புக் கால் வேண்டும் என்றபோது அப்பா இரண்டு நாள் பட்டறையிலேயே உம்மென்று உட்கார்ந்திருந்தார். வாங்கக் கூடாது என்பது மகளின் நிபந்தனை, குடும்பத்தில் வெல்டர் என்று இருப்பதோ ஒரே ஒருவர். மூன்றாம் நாள் சட்டையை மாற்றிக்கொண்டு தெருவின் மறுமுனைக்கு நடந்து போனார். கைத்தொழில் எதுவும் வராத சின்னவளுக்குத் துணியை நாடா நாடாவாகக் கிழிக்கும் வேலை கொடுத்தார்கள். "நீ என்னத்தக் கிழிச்சேன்னு இனிமே யாரும் உன்னைக் கேக்க முடியாதுடீ" என்று அக்கா, வீட்டில் பெரியவள், கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்துவைத்தாள்.

இந்தப் பெரியவளுக்கு முதலில் பேசி முடித்த கல்யாணம் கடைசி நேரத்தில் நின்றுபோனது. அப்பா மண்டபத்துக்கு ஒரு போன் செய்தார், சமையல்காரருக்கு ஒரு போன். போனா போகுது என்றார். அன்று சாயங்காலம் வீட்டில் எல்லோரும் டிவி பார்த்தார்கள். பிற்பாடு அவளுக்கு வேறு நல்ல இடம் அமைந்தது. மண்டபத்துக்காரனுக்கு என்ன, அந்தத் தேதிக்கு வேறு யாராவது வருவார்கள். சின்னவள் இதை நினைத்து நினைத்துப் பார்த்தாள். அம்மா கண் வலிக்க வலிக்க ஒட்டுப்போட்ட பந்தலை ரத்து செய்ய யாருக்குப் போன் செய்வது? சித்தப்பா வளைத்த இரும்பை யார் நிமிர்த்துவது? டென்ஷனே இல்லாத கல்யாணம் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள், நீ நிம்மதியாக இரு, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது சாமியைக் கேட்டுக்கொண்டா இழுக்கிறார்கள்? புலி வாலைப் பிடித்தாகிவிட்டது, அதுவும் ஆசையாக வளர்க்கப்படும் புலி.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பந்தலைக் கட்டிப் பார்ப்பதற்காக எல்லோரும் சர்வேயரின் அம்மா வீட்டுக்குப் போனார்கள். நகரத்தை விட்டு வெளியே, வாத்துகள் வளர்க்கிறவர் அவர். வாத்துக் குட்டைக்கு அந்தப் பக்கம் சரிவான புல்வெளி, ஓரத்தில் இலையெல்லாம் கொட்டிப்போன ஒரு பெரிய மரம். முந்தின நாள் மழையில் மண் சொதசொதவென்று இருந்தது. மற்றவர்கள் வண்டியில் இருந்து துணி மூட்டையை இறக்கிக்கொண்டிருக்கும்போது, சர்வேயர் அவளை மட்டும் புல்வெளிக்குக் கூட்டிப் போனான். முளைக்குச்சிகள் அடித்து, வெள்ளைக் கயிறு கட்டி, யார் எங்கே உட்கார வேண்டும் என்று பிரித்துவைத்திருந்தான்.

"இங்கேருந்து நீ நடந்து வருவ" என்றான். "செருப்பு இல்லாம நடக்கணும்னு சொன்னியாமே. இந்தப் பாதையில இருந்த கல்லெல்லாம் பொறுக்கிட்டேன். குத்தாது."

பாதையோரம் அவன் பொறுக்கிய கற்கள் சின்னக் குவியலாகக் கிடந்தன. அதைப் பார்த்ததும் இனியும் தாங்காது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"எனக்கு இது வேண்டாம்."

அவன் கயிறுகளை ஒருமுறை பார்த்தான். "ரொம்பப் பெருசாப் போச்சுன்னு எனக்கும் தெரியுது. வேணும்னா எல்லாத்தையும் விட்டுட்டு, ரெண்டு பேரும் போய் ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்."

"அது இல்ல. கல்யாணமே வேண்டாம்."

"வேற யாராவது..."

"யாரும் இல்ல."

"நான் ஏதாவது செஞ்சேனா?"

"நீங்க ஒண்ணுமே செய்யல."

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். புல்லுக்குள் இன்னும் ஒரு கல் தட்டுப்பட்டது போல, எடுத்துக் குவியலில் போட்டான். "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன். அதுதான் இது" என்று அவள் புல்வெளியைக் காட்டினாள்.

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஒரு சிரிப்பு வந்தது, அது முகத்தில் சரியாக உட்காரவில்லை. "இதுவா வேண்டாம்னு சொல்ற லட்சணம்? இனிமே யாருகிட்டயாவது சொல்லணும்னா வாயால சொல்லு." எழுந்து கையில் இருந்த மண்ணைத் தட்டினான். "உங்கப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். எனக்குச் செருப்பு தைச்சிட்டு இருக்காரு. மூணு தடவ வந்து கால் அளவு எடுத்துட்டுப் போனாரு. அந்த மனுஷன் முகத்தப் பாத்து என்னால முடியாது. நீதான் சொல்லணும்."

அவன்மேல் முதன்முதலாக அவளுக்கு ஏதோ பிரியம் வந்தது. கட்டிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. கூட உட்கார்ந்து ஒரு டீ குடிக்கும் அளவுக்கு.

மரத்தடியில் இருந்து அப்பா கூப்பிட்டார். இந்த வயதில் ஏணி வைத்து ஏறி, பெரிய கிளையின் மேல் இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்தலின் நடுப்பகுதியை அந்தக் கிளையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். நான்கு மூலைக் கயிறுகளில் மூன்றை சித்தப்பாவும் அம்மாவும் சர்வேயரின் அம்மாவும் பிடித்திருந்தார்கள். நான்காவதை சர்வேயர் போய் வாங்கிக்கொண்டான். முடிச்சு விழும்வரை நடுவில் ஒருவர் துணியைக் கம்பால் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

"நீ வாம்மா" என்றார் அப்பா. "உள்ள போய் நடுவுல நில்லு. நல்லா உசத்திப் பிடி. நீ விட்டா மொத்தமும் சேத்துல விழுந்துரும்."

அவள் குனிந்து உள்ளே போய்க் கம்பை நிமிர்த்தினாள். இத்தனை பெரிய துணி இவ்வளவு கனக்கும் என்று நினைக்கவில்லை. வெயில் துணிக்குள் இறங்கி உள்ளே பல நிறத்தில் வெளிச்சம். தலைக்கு மேலே பெரியவளின் பள்ளிச் சீருடை, அம்மாவின் ஒரு பூப்போட்ட திரை, சித்தப்பாவின் வேலைச் சட்டை. வெல்டிங் பொறி பட்டு அந்தச் சட்டையில் விழுந்திருந்த பொத்தல்களை அம்மா அடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் சுற்றி நூலால் பூ போட்டிருந்தாள். சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கை இரண்டும் மேலே இருந்ததால் துடைக்க வழியில்லை. ஓரங்களில் துணி தாழ்ந்து தொங்கியதில் வெளியே நிற்பவர்களின் முகம் தெரியவில்லை, பாதங்கள் மட்டும் தெரிந்தன. நான்கு ஜோடிப் பாதங்களும் குதிகாலை மண்ணில் அழுத்தி, பின்பக்கம் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தன.

"அப்பா."

"சொல்லும்மா." அவர் முகமும் தெரியவில்லை. துணியின் மறுபக்கம் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு கைகளின் நிழல் மட்டும்.

"எனக்குக் கல்யாணம் வேண்டாம்பா."

சத்தமாகச் சொல்லவில்லை. கிளை வரைக்கும் கேட்கும் அளவுக்குத்தான் சொன்னாள். ஒரு மூலையில் சர்வேயரின் பாதம் மட்டும் லேசாக வழுக்கி, மறுபடி ஊன்றிக்கொண்டது. வாத்துகள் கத்துவது கேட்டது. மேலே நிழல்கள் நின்றுபோயிருந்தன, ஒரு கையில் கயிற்றின் நுனி, மறு கையில் இன்னும் இறுக்காத சுருக்கு.

"அண்ணே" என்று மூலையில் இருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். "முடிச்சு விழுந்துச்சா? நாங்க விடலாமா?"

சித்தப்பா இன்னொரு முறை கேட்டார். அம்மாவின் செருப்புக் கால்கள் அசையாமல் நின்றன. சின்னவள் அந்த இரண்டு நிழல்களையே பார்த்துக்கொண்டு, கம்பை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.