வழியில் இருந்த படகு

மீன்பிடித் தடைக்காலத்து ஞாயிறு ஒன்றில், கடலூர் துறைமுகப் படகுக்காரர்களின் இணையதளம் புதிய பதிப்புக்கு மாறி முடித்த சற்று நேரத்தில், ஏழு வருடத்துக்கு முன் கடலுக்குப் போன லூர்துசாமியின் விசைப்படகு திரும்பி வந்து கரையில் கட்டப்பட்டது. படகில் அவரும் அவர் மச்சான் டோனியும் இருந்தார்கள். பெட்டியில் வஞ்சிரம் இருந்தது, ஐஸ் கரையவில்லை. வேறு நாளாக இருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும். தடைக்காலம் என்பதால் ஏலம் கேட்க ஆள் இல்லை.

கிள்ளை, பரங்கிப்பேட்டை, கடலூர் படகுகளுக்கு ஐஸும் டீசலும் கேட்பது, எந்தப் படகு எப்போது போனது, எப்போது வந்தது என்று பதிவது எல்லாம் அந்த இணையதளத்தில்தான். சிதம்பரம் கீழவீதியில் ஒரு மாடியில் இருந்த ஸ்ரீதரின் கம்பெனி அதை எழுதியது. எந்த ஃபிரேம்வொர்க்கை, அதாவது எந்த ஆயத்த மென்பொருள் சட்டத்தை, அடித்தளமாக வைத்து எழுதினார்களோ அது கிழடாகி, செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள். கிள்ளைக்குக் கேட்ட ஐஸ் கடலூரில் வந்து இறங்க ஆரம்பித்த பிறகு இனித் தள்ளிப்போட முடியாது என்று ஆனது. படகெல்லாம் கரையில் நிற்கும்போதுதான் அதில் கைவைக்க முடியும். தடை முடிவதற்குள் புதிய பதிப்புக்கு மாற்றும் பொறுப்பு வடலூர்ப் பெண் ஸ்ரீமதியிடம் வந்தது. குடியிருந்துகொண்டே வீட்டின் சுவரை இடித்துக் கட்டுகிற மாதிரியான வேலை. அவள் முகம் சுளிக்காமல் செய்தாள்.

பழைய பதிப்புக்குத் தாராள மனசு. போன படகு வந்ததா என்று நிரப்பாமல் விட்டாலும் கேட்காது. புதியது கறார். போன பயணம் ஒவ்வொன்றுக்கும் ‘வந்தது’, ‘வழியில்’, ‘வராது’ மூன்றில் ஒன்று இருந்தே ஆக வேண்டும், ஒரே ஒரு இடம் காலியாக இருந்தாலும் மாற மறுத்துவிடும். வந்தும் பதியாமல் விட்டவர்களையெல்லாம் ஸ்ரீமதி போனில் பிடித்து நிரப்பினாள். கடைசியில் லூர்துசாமியின் பயணம் ஒன்றுதான் மிச்சம். “வராதுன்னு போட்டு மூடும்மா” என்றார் ஸ்ரீதர். அவளுக்குக் கை வரவில்லை. பஸ் ஏறிக் கடலூர் முதுநகர் போனாள்.

லூர்துசாமியின் மனைவி பிரிசில்லா கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். கணவனையும் தம்பியையும் ஒரே படகில் அனுப்பிவைத்தவள் அவள். அவர்களுக்கு இறந்தோர் பூசை வைத்துவிடலாம் என்ற பங்குச் சாமியாரிடமே முடியாது என்று சொன்னவள். ஸ்ரீமதி சொன்னதை முழுக்கக் கேட்டாள். “என்னால உங்க வேல நிக்க வேணாம்மா. தட முடிஞ்சா எத்தினி வீட்டு ஆளு போவணும், அவுங்களுக்கு ஐஸ் வேணும், டீசல் வேணும். நீ எதுவானாலும் போட்டுக்க. என்னா போட்டேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத” என்றாள். டீ கொடுத்து, பஸ் ஸ்டாப் வரை கூட வந்து அனுப்பினாள்.

ஞாயிறு மதியம் ஸ்ரீமதி அந்தப் பயணத்துக்கு ‘வழியில்’ என்று போட்டாள். “தப்பான தகவலாச்சேம்மா” என்றார் ஸ்ரீதர். “தப்புன்னு நமக்குத் தெரியுமா சார்?” என்று கேட்டுவிட்டு மாற்றும் நிரலை ஓடவிட்டாள். எந்தத் தடங்கலும் இல்லாமல் மாறியது.

படகு வந்ததும் துறைமுகம் திரண்டது. லூர்துசாமிக்கு ஒரு நாள்கூட வயது ஏறவில்லை. அவரைவிட இரண்டு வயது இளையவளான பிரிசில்லா இப்போது ஐந்து வயது மூத்தவளாக நின்றாள். தடைக்காலத்தில் படகு வரலாமா என்று சங்கத்தில் பேச்சு எழுந்து, தடை போவதற்குத்தான், வருவதற்கு இல்லை என்று தீர்மானமானது. டோனி தன் போன் எதைத் தொட்டாலும் புதிய பதிப்பு கேட்கிறது என்று சலித்துக்கொண்டான். பிரிசில்லா கேட்டது ஒன்றுதான்: “ஏன் இவ்ளோ நேரம்?”

“காலையிலதான போனோம். கர எந்தப் பக்கம்னே தெரில. மத்தியானம் திடீர்னு தெரிஞ்சுது” என்றார் லூர்துசாமி. ஏழு வருடமாக அழாதவள் அப்போது அழுதாள். பார்த்தவர்களும் அழுதார்கள், பிறகு சாப்பிடப் போனார்கள்.

மறுநாள் பிரிசில்லா இருப்பதிலேயே பெரிய வஞ்சிரத்தை அந்த ஐஸோடு பெட்டியில் வைத்துச் சிதம்பரத்தில் கம்பெனிக்கு எடுத்துப்போனாள். ஸ்ரீமதியின் வீடு வள்ளலார் வழி, மீன் வாசனையே படாத வீடு. இருந்தும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எழுதுவதெல்லாம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று தெரியாமலே இத்தனை காலம் எழுதியவள். நன்றி சொல்ல வேண்டியவள் தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது, சொல்லவும் செய்தாள். மீன் கீழே இருந்த மெஸ்ஸுக்குப் போனது. ஐஸை சர்வர் அறையில் வைத்தார்கள். இன்னும் கரையவில்லை, அந்த அறைக்கு ஏ.சி. போடுவதை விட்டுவிட்டார்கள்.

அடுத்த திருத்தத்தில் ஸ்ரீமதி ‘வராது’ என்பதை மட்டும் எடுத்துவிட்டாள். தடை முடிந்தது, படகுகள் போயின, வந்தன. அந்தச் சொல் எங்கே என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.