பந்தைத் தொடாத வீரர்

மாங்குளம் தாண்டி வடக்கே வருகிறவர்கள் அந்த வாரம் வீதியோரத்தில் ஒரு கட்டவுட்டைக் கண்டார்கள். தென்னையளவு உயரம். அமெரிக்கக் கால்பந்துத் தலைக்கவசம், தோளில் திண்டுகள், தூண் போன்ற தொடைகள், கமக்கட்டில் ஒரு பந்து. ‘அமெரிக்காவை அதிரவைத்த எமது மண்ணின் மைந்தன் சஜீவனே வருக’ என்று எழுதியிருந்தது. அதே கட்டவுட்டில், மைந்தனின் முழங்காலுக்குப் பக்கத்தில் சின்னதாய்க் கைகூப்பியபடி, கதிரொளி விளையாட்டுக் கழகத் தலைவர் பாலன் நின்றார்.

மைந்தன் பிறந்தது அமெரிக்காவில். இந்த மண்ணில் ஆறு வயதில் ஒருமுறை கால்வைத்து, வயிற்றோட்டத்தோடு திரும்பிப் போனவன். அவன் பந்தோடு நிற்கும் படம் ஒன்றும் இணையத்தில் அகப்படவில்லை. ஸ்ரூடியோக்காரப் பொடியன்தான் வேறு யாரோ ஒருவரின் பந்தை எடுத்து அவன் கமக்கட்டில் சொருகினான். ஏன் அகப்படவில்லை என்று பாலன் யோசிக்கவில்லை. யோசிப்பது தலைவர்களின் வேலையல்ல என்பது பாலனின் கொள்கை.

பாலனுக்கு அக்கா விமலேஸ்வரி. இவர்களுக்கு இளையவள்தான் சஜீவனின் தாய். போன வருடம் அமெரிக்காவில் செத்துப்போனாள். உயிரோடிருந்த காலத்தில் காசு அனுப்பி, இரணைமடு வாய்க்காலின் கீழ் மூன்று ஏக்கர் வயல் வாங்கியிருந்தாள். சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிய நாளிலிருந்து அந்த வயலை விதைத்து, அறுத்து, அதில் சீவிக்கிறவள் விமலேஸ்வரி. காணி உறுதிப் பத்திரம் தங்கச்சியின் பெயரில். இப்போது அது சஜீவனுக்கு. வேறு வயல் அவளுக்கு இல்லை.

வான் வந்து நின்றதும் வெடி கொளுத்தினார்கள். ஒரு மெலிந்த மனிதன், கைப்பிடியைப் பிடித்து, வலது காலை முதலில் ஊன்றிப் பார்த்து, பிறகு இடது காலை இறக்கினான். பாலன் அவனை ஒருபக்கம் விலக்கிவிட்டு, இன்னும் யாராவது இறங்க இருக்கிறார்களா என்று வானுக்குள் எட்டிப் பார்த்தார்.

“மாமா, நான்தான் சஜீவன்.”

பாலன் கட்டவுட்டை நினைத்தார். முகம் செத்துவிட்டது.

“என்ன தம்பி இது? உடம்புக்கு வருத்தமோ?”

“இல்லை மாமா. விளையாட்டை விட்டிட்டன். சாப்பாட்டையும் விட்டிட்டன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐசே” என்றார் பாலன், ஏமாற்றப்பட்ட வியாபாரியின் குரலில்.

மத்தியானம் விமலேஸ்வரியின் வீட்டில் சாப்பாடு, பாலனுக்கும் சேர்த்து. ஓர் ஆனைக்கு என்று நினைத்து அவள் சமைத்திருந்தாள். அவன் இரண்டு அகப்பை சோற்றோடு கையை மடக்கினான். விரல்கள் நாலு திசைக்கும் வளைந்திருந்தன.

“ஏன், என்ரை கறி பிடிக்கேல்லையோ?”

“அப்பிடி இல்லை பெரியம்மா. ஒன்பது வருசம் சாப்பாடுதான் என்ரை வேலை. உடம்பு நிறை பாப்பினம். குறைஞ்சால் ஏசுவினம். பசியில்லாட்டிலும் சாப்பிடவேணும். சிலநேரம் ஓங்காளிச்சுச் சத்தி எடுத்திட்டுத் திரும்பச் சாப்பிட்டிருக்கிறன்.”

“அதுக்குக் காசும் தந்தவங்களோ?”

“ஓம். நல்ல காசு.”

கடைசிச் சண்டையில் இந்தக் கிளிநொச்சியில் இருந்து கடற்கரை வரை சனம் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றதை விமலேஸ்வரி கண்டவள். வரிசையில் நின்றவளும்கூட. அவள் சோற்றுப் பானையை மூடினாள்.

“சரி, விளையாட்டிலை நீ என்ன செய்யிறனீ?”

அவன் மேசையில் தண்ணீர்க் குவளையை நடுவில் வைத்தான். “இவர் பந்தெறியிறவர்.” குவளைக்கு முன்னால் ஐந்து பொரித்த மிளகாயை வரிசையாக அடுக்கினான். “இது நாங்கள். அந்தப் பக்கத்தாலை அவரை விழுத்த ஓடிவருவினம். நாங்கள் முன்னாலை நிண்டு மறிக்கவேணும்.”

“பந்து உனக்கு எப்ப வரும்?”

“வராது. அவர் எறியிற பந்தை நான் தொட்டால் குற்றம்.”

“ஒன்பது வருசத்திலை ஒருக்காலும்?”

“இல்லை.”

“உன்ரை பேரையாவது சொல்லுவினமோ?”

“பிழை விட்டால் மட்டும். ஒலிபெருக்கியிலை நம்பரைச் சொல்லி, பேரைச் சொல்லி, இவர்தான் பிழை விட்டவர் எண்டுவினம். எழுபதினாயிரம் சனம் கூவும். பிழை விடாட்டில் ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது.”

“அந்தப் பந்தெறியிறவன் இப்ப என்ன செய்யிறான்?”

“ரீவியிலை வாறார். மூண்டு வீடு இருக்கு.”

“உனக்கு?”

“முழங்கால் ரெண்டும் போயிட்டுது. தலை சிலநேரம் இடிக்கும்.”

விமலேஸ்வரி எழும்பி, கை கழுவத் தண்ணீர் வார்த்தாள். ஒன்பது வருடம் வேலியில் ஊன்றிய கதியால் தடியாக நின்றுவிட்டு வந்திருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. கதியாலென்றாலும் மாரிக்குத் தழைக்கும், ஆட்டுக்கு ஒரு பிடி குழை தரும். இவனால் என்ன பயன்?

அப்போதுதான் பாலன் கதிரையை இழுத்துப் போட்டு விஷயத்துக்கு வந்தார்.

“அக்கா, தங்கச்சியின்ரை பேர் இந்த மண்ணிலை நிலைக்கவேணும். அந்த மூண்டு ஏக்கரிலையும் ஒரு மைதானம். பெரிய வாசல். நாளையிண்டைக்கு வரவேற்பு மேடையிலை தம்பி அறிவிப்பார்.”

“கழகத்துக்கு ஏற்கெனவே ஒரு மைதானம் கிடக்குதே. மாடு மேயுது.”

“அது றோட்டுக்குத் தெரியாது அக்கா.”

“நான் எதைத் தின்னுறது?”

“உங்களுக்கு நான் இல்லையோ?”

விமலேஸ்வரி சிரித்தாள். பாலன் தன் பங்கு வயலை விற்று வான் வாங்கி, வானை விற்றுத் தேர்தல் கேட்டு, நூற்றுப் பதினெட்டு வாக்கு எடுத்தவர். அடுத்த தேர்தல் வருகிறது. இந்த முறை விற்க அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அவள் சஜீவனைப் பார்த்தாள். அவன் மாமாவின் வாயையும் பெரியம்மாவின் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கெஞ்சினால் இரங்குவான் என்று தெரிந்தது. ஆனால் அடுத்த நிமிடம் பாலன் கெஞ்சினால் அதற்கும் இரங்குவான் என்பதும் தெரிந்தது. அவள் கெஞ்சவில்லை. பின்னேரமே விதைநெல்லைச் சாக்கோடு ஊறப்போட்டாள்.

சிறுபோகத் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டிருந்தது. உழவு ஏற்கெனவே முடிந்திருந்தது. சேறடித்து மட்டப்படுத்துவதுதான் பாக்கி. வரவேற்பு நாளன்று ஊர் முழுக்க மேடைக்குப் போனது. விமலேஸ்வரி முளை கட்டிய நெல்லோடு வயலுக்குப் போனாள். லாண்ட்மாஸ்ரர் கை உழவு இயந்திரம் பிடிக்க மாயாண்டி வந்தான்.

“என்னங்கக்கா, ஒங்க வீட்டு ஆளுக்கு மாலை போடுறாங்க, நீங்க இங்க சேத்துல நிக்கிறீங்க?”

“மாலை போட ஆள் இருக்கு. விதைக்க ஆளில்லை. மட்டப் பலகையை இழுவும்.”

ஒலிபெருக்கி வயல்வெளி முழுக்கக் கேட்டது. அறிவிப்பாளர் நிமிடத்துக்கொரு தரம் ‘சஜீவன்’ என்றார். மாவீரன் சஜீவன், மாமலை சஜீவன், பந்தைக் கண்டால் புயலாகும் சஜீவன். கைதட்டலும் வெடியும். கடகப் பெட்டியிலிருந்து நெல்லை அள்ளி வீசிக்கொண்டே விமலேஸ்வரி நினைத்தாள். பிழைக்கு மட்டுமே பெயர் கேட்டுப் பழகினவன். இன்றைக்கு அந்தப் பெயரில் சீனி தடவி ஊட்டுகிறார்கள். கேட்டதெல்லாம் கொடுப்பான்.

“சேட்டுக்கு மேல கோட்டு போட்டு ஒக்கார வச்சிருக்காங்களாம் அக்கா” என்றான் மாயாண்டி. “ஒடம்பாத் தெரியணும்னு ஒங்க தம்பிதான் போடச் சொன்னாராம். இந்த வெயில்ல வேகப்போறாரு.”

பாலனின் குரல் வந்தது. அம்மா என்றது, தாய்மண் என்றது, கொஞ்சம் அழுதது. பிறகு கேட்டது: “தம்பி, அம்மாவின்ரை நினைவாய் அந்த மூண்டு ஏக்கரையும் எங்கடை பிள்ளையளுக்குத் தருவீரோ?”

ஒலிபெருக்கி கொஞ்சம் இரைந்தது.

“ஓகே” என்றது சஜீவனின் குரல்.

வெடி பொரிந்தது. தங்கச்சி பனியில் இரண்டு வேலை செய்து சேர்த்த வயல், அக்கா பத்துப் பன்னிரண்டு வருடமாக முதுகு வளைந்த வயல், ஒரு ‘ஓகே’யில் போனது.

மாயாண்டி இயந்திரத்தை மெதுவாக்கினான். “குடுத்துட்டாருங்க. நிறுத்தவா?”

“நிறுத்தினால் சாப்பாடு இல்லை. அந்த மூலை இன்னும் மேடாய்க் கிடக்கு, பாரும்.”

அடுத்த நாள் காலமை பாலன் ஜேசிபியோடு வந்தார். ஐயரும் வந்தார், தேங்காயும் வந்தது, படம் எடுக்க ஒருவனும் வந்தான். கோட்டோடு சஜீவனும் வந்தான். விமலேஸ்வரி மண்வெட்டியோடு வரம்பில் நின்றாள். மூன்று ஏக்கரும் கண்ணாடிபோல் மினுங்கியது. சேற்றின் மேல் நெல்மணிகள் வெள்ளை முளையோடு கிடந்தன.

ஜேசிபி ஓட்டி வந்த சிவகரன் இயந்திரத்தை நிற்பாட்டினான்.

“பாலண்ணை, விதைச்சுக் கிடக்கு.”

“அதுக்கென்ன? இறக்கு.”

“ஏலாது.”

“ஏன் ஏலாது? வாடகை தாறன்தானே?”

“எங்கடை அப்பு இன்னும் உயிரோடை இருக்கிறார் அண்ணை. விதைச்ச வயலுக்குள்ளை மிசின் இறக்கினனான் எண்டு கேள்விப்பட்டால் வீட்டுப் படலை திறக்கமாட்டார்.”

ஐயர், தேங்காயை உடைக்காமல் திரும்பவும் பைக்குள் வைத்தார். இந்த ஊரில் யாருடைய காணிக்கும் யாரும் சண்டை பிடிக்கலாம், கோடு கச்சேரி ஏறலாம், கத்தி தூக்கலாம். விதை விழுந்தபிறகு அறுப்பு வரை பொறுத்திருக்க வேண்டும். பாலனுக்கும் அது தெரியும். வயலை விற்றவருக்கு அது மறந்துபோயிருந்தது.

“தம்பி, நீர் சொல்லும். காணி உம்மடை” என்றார் பாலன்.

சஜீவன் பெரியம்மாவைப் பார்த்தான். “சனத்துக்கு முன்னாலை சொல்லிட்டன், பெரியம்மா. வாக்கு...”

“மேடையிலை குடுத்த வாக்கு மேடையோடை. வயல் வேணுமெண்டால் இறங்கி எடு.”

அவன் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்து, இறங்கினான். ஏன் இறங்குகிறான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. இறங்கு என்று ஒரு குரல் சொன்னது, இறங்கினான். ஐந்தாறு அடி போனபின் சேறு முழங்காலைப் பிடித்தது.

“விதையை மிதிக்கிறாய்!” என்று விமலேஸ்வரி கத்தினாள்.

ஒற்றைக் காலைத் தூக்கியபடி அவன் நின்றான். முன்னுக்கும் நெல், பின்னுக்கும் நெல். கோட்டுக் கைகளை விரித்து, விழாமல் இருக்கப் பாடுபட்டான். படம் எடுக்க வந்தவன் அதைப் படம் எடுத்தான். சிவகரன் வாயைப் பொத்திக்கொண்டான். பாலன், “வடிவா நில்லும் ஐசே!” என்று வரம்பிலிருந்து அதட்டினார்.

சஜீவனின் முகத்தில் வியர்வை ஓடியது. காலுக்கருகில் நசுங்கிக் கிடந்த முளைகளைக் குனிந்து பார்த்தான்.

“பெரியம்மா, இது எப்ப அறுக்கிறது?”

“நாலு மாசம்.”

“அப்ப அறுங்கோ. நான் இப்ப ஒண்டுக்கும் கையெழுத்துப் போடேல்லை, மாமா.”

“நேற்றுச் சொன்னது?”

“நேற்று இதைப் பாக்கேல்லை.”

பாலன் தேர்தல், மானம், தங்கச்சியின் ஆத்மா என்று கொஞ்ச நேரம் பேசினார். பேச்சின் நடுவிலேயே ஜேசிபி பின்பக்கமாக நகர்ந்து றோட்டில் ஏறியது. வாடகைக்காக அதன் பின்னால் அவரும் ஓடவேண்டியிருந்தது.

விமலேஸ்வரிக்கு நன்றி ஒன்றும் வரவில்லை. நாலு மாதம் தந்தது நெல். இவன் தரவில்லை. நாலு மாதத்துக்குப் பிறகு யார் முதலில் கேட்கிறாரோ, அவருக்கு இவன் திரும்பவும் ஓகே சொல்லுவான். அதற்குள் இவனை உறுதி எழுதும் நொத்தாரிசிடம் இழுத்துக்கொண்டு போய் வயலை எழுதிவாங்க வேண்டியது அவள்தான். இந்த வாரமே போகவேண்டும்.

“வந்த அடியிலேயே காலை வைச்சுத் திரும்பி வா. வேறையெங்கையும் மிதியாதை.”

அவன் சொன்னபடியே ஒவ்வொரு குழியாகத் தேடித்தேடிக் கால் வைத்துப் பின்வாங்கினான். அவள் மிச்ச விதைநெல் கிடந்த கடகத்தோடு இறங்கினாள். பெரிய பாதங்கள். ஒவ்வொரு குழியும் ஒரு பிடி நெல் தின்றது.