வஸ்தாதின் குரல்

மாசானத்தின் முன்பல் இரண்டும் போனது ஒரு கௌதாரியால். கௌதாரி வந்து கொத்தவில்லை, பாரி அடித்தான். வல்லூரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொட்டுகிற கரைக்குப் பின்னால் இருக்கிற வேலிக்காத்தான் காட்டில் பாரி கண்ணி போட்டுக் காத்திருந்தபோது, அதே இடத்தில் மாசானம் தன் கூண்டை வைத்து, பழக்கி வைத்திருந்த கௌதாரிப் பட்சியைக் கத்தவிட்டான். ஒருவன் கண்ணி வைத்த இடத்தில் இன்னொருவன் கூண்டு வைப்பதில்லை என்பது அந்தக் காட்டின் எழுதாத சட்டம். பாரி சட்டமெல்லாம் பேசவில்லை. கண்ணிக்கு முளை அடிக்கிற புளியங்கட்டையால் வாயில் ஒன்று போட்டான்.

போலீசில் இரண்டு பேருமே கிரிக்கெட் தகராறு என்று சாதித்தார்கள். கௌதாரி என்று வாயைத் திறந்தால் வனத்துறை இருவரையும் ஒன்றாகவே உள்ளே தள்ளும். பாரியின் மேல் ஏற்கெனவே திருவொற்றியூர் குடோன் வாசலில் மேஸ்திரியை அடித்த வழக்கு ஒன்று உண்டு. இன்ஸ்பெக்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “இன்னொரு தபா கை நீட்டினே, வெளிய வர மாட்டே” என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அவன் மனைவி சங்கமித்ராவுக்கு அவன் கை எப்போது ஓங்கும் என்பதே கவலை. நல்ல மனிதன்தான். குடிக்க மாட்டான், வீட்டில் ஒருநாளும் கைவைத்ததில்லை. ஆனால் கோபம் வந்தால் அவனுக்குக் கண் தெரியாது.

அவனுடைய பட்சிக்குப் பெயர் வஸ்தாது. முட்டையிலிருந்து வளர்த்த சேவல் கௌதாரி. எண்ணூரில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், மீஞ்சூர் வரைக்கும் அதைப்போல ஒரு குரல் கிடையாது. வேட்டை இதுதான்: கூண்டைப் புதரடியில் வைத்து, சுற்றிலும் மீன் பிடிக்கிற நைலான் நரம்பில் முடிந்த கண்ணிகளை வரிசையாக ஊன்றுவார்கள். ஆள் கோணியைப் போர்த்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்து மெல்ல விரல் சொடுக்குவான். வஸ்தாது கத்தும். அந்த எல்லையை ஆளுகிற காட்டுச் சேவலுக்கு அது காதில் ஈயம் காய்ச்சி ஊற்றினதுபோல இருக்கும். என் இடத்தில் எவன்டா அவன் என்று சண்டைக்கு ஓடி வரும், கழுத்து மாட்டும். இளசாக இருந்தால் கத்திக்கொண்டே நேராக வரும். அடிபட்டுத் தேறின கிழட்டுச் சேவல் சத்தமே போடாது. சுற்றி வளைத்து முதுகுப்பக்கமாக வரும்.

“துப்பாக்கி சோம்பேறிக்கு. கௌதாரிய அதோட ரோஷத்தாலதான் புடிக்கணும்” என்பான் பாரி.

மீன் நரம்பு கொண்டுவருகிறவன் உசேன். கல்மண்டபத்துக்காரன், காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை. பாரிக்கு உயிர்த் தோழன். காட்டில் உசேன் கண்ணி ஊன்றுவான், பாரி குரல் கொடுப்பான். பெட்டைக் குரல் வேண்டுமென்றால் பனையோலைத் துண்டை நாக்கடியில் வைத்துப் பாரியே கத்துவான். உசேனுக்கு அது வரவே வராது. அவன் கத்தினால் பூனை பிரசவிக்கிறதுபோல இருக்கிறது என்று பாரி கேலி செய்வான்.

பல் போனவன் சும்மா இருப்பானா? ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, வியாசர்பாடி குடியிருப்பில் பாரி வீட்டுப் பூட்டை நெம்பி வஸ்தாதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கூடவே வளர்ந்த பெட்டைக் கௌதாரியின் கழுத்தைத் திருகி நிலைவாசலில் தொங்கவிட்டிருந்தான். வேலை முடிந்து வந்த சங்கமித்ராவின் நெற்றியில் அதன் கால் இடித்தது.

புகார் கொடுக்க முடியாது. வைத்திருந்ததே குற்றம். பாரி புளியங்கட்டையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். சங்கமித்ரா உசேனுக்கு ஆள் அனுப்பினாள்.

“தோ பாருண்ணா, இவரு கை மேல பட்டா ஜெயிலு. நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீதான் ஒயுங்கா இட்னு வரணும்” என்றாள் உசேனிடம்.

“நீ பேஜாராவாதம்மா. நான் போய்ப் பேசி வாங்கியாறேன். அவன் கையே படாது” என்றான் உசேன்.

மாசானம் சாம்பல் கரைக்குப் பின்னால் புதுப் பட்சியோடு உட்கார்ந்திருக்கிறான் என்று மறுநாளே தெரிந்தது. இருவரும் ரயில் பிடித்து அத்திப்பட்டில் இறங்கினார்கள். மூன்று மணி இருக்கும். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேறாகிக் காலைப் பிடித்தது. கரையோரத்து மதகடியில் உசேன் நின்றான்.

“மாமு, நீ இங்கியே குந்து. நான் மட்டும் போறேன்.”

“அவன் உன்னியும் அடிப்பான்டா.”

“என்னிய இன்னாத்துக்கு அடிக்கப்போறான்? அவன் பல்ல நானா ஒடைச்சேன்? பட்சியோட வறேன். அதுவரிக்கும் இந்தாண்ட அந்தாண்ட நகரக் கூடாது. சங்கமித்ரா மேல சத்தியம் பண்ணு.”

பாரி சத்தியம் செய்தான். மனதாரத்தான் செய்தான். உசேன் வேலிக்காத்தான் முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

காத்திருப்பது பாரிக்குப் புதிதல்ல. பட்சிக்காக அரைநாள் அசையாமல் உட்காருவான். ஆனால் அன்று உட்கார முடியவில்லை. உசேன் போய் வெகுநேரம் ஆயிற்று. கூச்சல் இல்லை, பேச்சுக்குரல் இல்லை. தூறல் விட்டு மறுபடியும் பிடித்தது.

அப்போதுதான் அது கேட்டது. வஸ்தாது. மூன்றாவது கத்தலில் குரலை ஒரு இழுப்பு இழுத்து நிறுத்தும், அது வஸ்தாதைத் தவிர எதற்கும் கிடையாது. பாரி எழுந்துவிட்டான். என் பட்சியை வைத்து என் இடத்திலேயே வேட்டை ஆடுகிறான். அப்படியென்றால் உசேன்? பேசப் போனவனை அடித்துப் போட்டுவிட்டுத்தான் சாவகாசமாகப் பட்சியைக் கத்தவிடுகிறான். வேறென்ன? மறுபடியும் கத்தியது. நான் இங்கே இருக்கிறேன், தைரியம் இருந்தால் வா என்று கூப்பிடுகிற கத்தல்தான் அது. பன்னிரண்டு வருஷ வேட்டையில் சேவல் கத்தலுக்கு வேறு அர்த்தம் அவனுக்குத் தெரியாது.

கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினான். நேராகப் போகவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, காற்றுக்கு எதிராக, சாம்பல் கரையைச் சுற்றிக்கொண்டு போனான். முள் தைத்தது, பிடுங்கக்கூட நிற்கவில்லை. ஒரு சுள்ளி உடையவில்லை. கிழட்டுச் சேவல் எப்படி வருமோ அப்படி முதுகுப்பக்கமாக வந்தான். எல்லாம் சரியாகச் செய்தான் பாவி.

புதருக்கு அந்தப் பக்கம் கூண்டு. பக்கத்தில் ஒருவன் குந்தியிருந்தான், தலையிலிருந்து முதுகுவரை கோணி. நீலக் கோடு போட்ட கோணி. பல் போன அன்றைக்கு மாசானம் போர்த்திக்கொண்டிருந்தது அதேதான். கோணிக்குள்ளிருந்து விரல் சொடுக்கும் சத்தம் கேட்டது. வஸ்தாது கத்தியது.

பாரி இரண்டு கையாலும் கட்டையை ஓங்கி உச்சந்தலையில் இறக்கினான். தேங்காய் உடைகிற சத்தம். குந்தியிருந்தவன் கத்தவில்லை. முன்னால் சாய்ந்து கூண்டின் மேல் கை போட்டான். பாரி மறுபடியும் அடித்தான். கோணியின் நீலக் கோட்டில் சிவப்பு ஊறியது.

“எங்கடா உசேனு? சொல்றா! இன்னாடா பண்ணே அவன?”

காலால் புரட்டினான். கோணி விலகியது.

உசேனின் ஒரு கண் திறந்திருந்தது. காதிலிருந்து ரத்தம் சாம்பலில் இறங்கிக்கொண்டிருந்தது. வாய் எதையோ மெல்லுவதுபோல அசைந்தது. பாரி கட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, புரிந்துகொள்ளவும் அவன் விரும்பவில்லை.

எதிர்ப்புதரிலிருந்து மாசானம் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

“அடப்பாவி! நான் குட்த்துட்டேன்டா! பட்சியக் கேட்டான், குட்த்துட்டேன். நீ கரையில கீறேன்னு சொன்னான், அத்தொட்டுதான் நான் பூந்து ஒளிஞ்சிகினேன். தூறல் விட்டாப் போறேன்னு என் கோணிய வாங்கிப் போத்திகினான். ‘பாரி அங்க பேஜாரா கீறான், வஸ்தாது கொரலக் கேட்டா மனசு ஆறிடுவான்’னு சொல்லித்தான்டா கத்தவுட்டான்.”

வஸ்தாது கூண்டுக்குள் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. பாரி கூண்டை எடுத்துத் தரையில் அடித்தான். மூங்கில் நொறுங்கும்வரை, கத்தல் நிற்கும்வரை அடித்தான். பிறகு உட்கார்ந்து உசேனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “தோஸ்து, தோஸ்து” என்று அழுதான்.

தூக்கியது இரண்டு பேரும்தான். பாரி தோளைப் பிடித்தான், மாசானம் காலைப் பிடித்தான். சேற்றில் மூன்று இடத்தில் விழுந்து எழுந்தார்கள். மீஞ்சூர் ரோட்டில் சாம்பல் லாரி ஒன்று நின்றது. ஏற்றியபிறகு மாசானம் பாரியின் காலைப் பிடித்தான்.

“நைனா, என்னிய மாட்டி வுட்றாத. எனுக்கும் புள்ளகுட்டி கீது. நான்தான்னு நீ சொன்னா ஊரே நம்பும்.”

பாரி காலை உருவிக்கொண்டு லாரியில் ஏறினான். தங்கசாலை தாண்டுமுன் உசேனின் மூச்சு நின்றுவிட்டது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினபோது அவன் கை பாரியின் சட்டைக்குள் சிக்கியிருந்தது. ஆஸ்பத்திரி ஆள்தான் விடுவித்தான்.

சாபிரா வந்தாள். உசேனின் மனைவி, கல்மண்டபத்திலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு சங்கமித்ரா. கேசு எழுத வந்த போலீஸ்காரர் தள்ளி நின்றார். சாபிரா பாரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பல்லு போனவன்தானே? சொல்லுண்ணா. போலீசுல சொல்லு. அவன் நாசமாப் போவணும்.”

எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பழைய பகை இருக்கிறது, திருட்டு இருக்கிறது, கோணிகூட மாசானத்தினுடையது. சங்கமித்ரா மட்டும் அவன் வாயைப் பார்க்கவில்லை, அவன் சட்டையின் முன்பக்கத்தில் பொட்டுப்பொட்டாகத் தெறித்திருந்த ரத்தத்தைப் பார்த்தாள். கட்டையால் அடித்தவன்மேல்தான் ரத்தம் அப்படித் தெறிக்கும். அவளுக்கு மெல்லப் புரிந்துகொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான்தாம்மா” என்றான் பாரி.

“நீ இன்னாண்ணா பண்ணுவே? நீதான தூக்கினு வந்தே. உன்ன யாரு இன்னா சொல்லப்போறாங்க?” சாபிரா தன் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

அவள் துடைத்ததை அவனால் தாங்க முடியவில்லை. இன்னும் ஒருமுறை சொல்லியாக வேண்டியிருந்தது, எல்லோருக்கும் கேட்கும்படி.

“சாபிரா, நான்தான் அடிச்சேன். மாசானம்னு நெனச்சிக்கினு அடிச்சேன். கோணி போட்டுகினு இருந்தான். ரெண்டு அடி. மூஞ்சியப் பாக்கல.”

போலீஸ்காரர் நெருங்கி வந்தார். சாபிரா கையை விடவில்லை. அழுகை நின்றிருந்தது. கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள்.

“மொத அடி தெரியாம அடிச்சே. சரி. அவந்தான் வியுந்துட்டானே. ரெண்டாவது எதுக்குண்ணா?”