எங்கள் பட்டறையின் எடைக்கல்

எங்கள் பட்டறை நாற்காலி உடைந்தது என்று இதுவரை எவனும் சொன்னதில்லை. அதற்குக் காரணம் மரம் மட்டுமல்ல. வீட்டிலேயே கனத்த ஆள், வாங்க வந்தவர்களின் கண்முன்னால் உட்கார்ந்து காட்டாமல் ஒரு நாற்காலியும் எங்கள் வாசலைத் தாண்டாது. அப்பா காலத்தில் சித்தப்பா உட்கார்ந்தார். அவருக்குப் பிறகு என் தம்பி. ஊரே அவனை எடைக்கல் என்றுதான் கூப்பிடும்.

தொப்பென்று உட்காருவான். கால்களைத் தூக்கிக்கொண்டு இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டுவான். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வியாபாரம் முடிந்துவிடும். அவன் போதும் போதும் என்றாலும் என் மனைவி இன்னும் ஒரு கரண்டி வைப்பாள். அது என் உத்தரவு.

போன மழைக்காலத்தில் மாடிப்படியில் பாதி ஏறியவன் மூச்சு வாங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"டாக்டர் தினம் நடக்கச் சொல்றாருண்ணே. சாப்பாட்டையும் குறைக்கணுமாம். இப்படியே விட்டா இதயம் தாங்காதாம்."

"அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவார். பட்டறைப் பேரை அவரா வந்து காப்பாத்துவார்?"

"சரிண்ணே."

அன்றும் தட்டை வழித்துச் சாப்பிட்டான். உயிர்ப்பயம்கூட அவனை அசைக்கவில்லை.

அசைத்தது வேறு. ஒரு மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தம்பி கை கழுவ எழுந்து போனதும் என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, தம்பிக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா அப்புறம் யாரு உக்கார்றது?"

பக்கத்தில் தம்பி மகள் இருந்தாள். அப்படியே அப்பன் உடல்வாகு. பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று அடிக்கடி அழுவாள். அவள் தட்டில் வெண்ணெய் தடவிய ரொட்டி ஒன்றை வைத்தேன்.

"அடுத்த எடைக்கல்தான் இங்க வளருதே, உனக்கென்ன கவலை? நீ சாப்பிடும்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் நிமிர்ந்து பார்த்தால் தம்பி ஈரக்கையோடு நிற்கிறான். அந்த ரொட்டியை எடுத்து என் தட்டில் வைத்தான்.

"அவளுக்கு வேணாம்ணே. எனக்கும் வேணாம்."

மறுநாள் விடியும்போது தெருவில் நடந்துகொண்டிருந்தான். மகளும் கூடப் போனாள். நாலு எட்டு வைப்பான், சுவரைப் பிடித்துக்கொண்டு இளைப்பான். "என்ன எடைக்கல், உருண்டே போயிட்டா சீக்கிரம் போயிடலாமே!" என்றான் பால்காரன். எனக்கு உடம்பு கூசியது. நம் குடும்பத்து ஆண்பிள்ளை தெருவில் நின்று சிரிப்பாய்ச் சிரிக்க வேண்டுமா? சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. தன் மனைவியிடம் சொல்லித் தனியாகச் சமைக்க வைத்தான். சில மாதங்களில் சட்டை தொளதொளத்தது.

ஓட்டல்காரர் ஒருவர் நாற்காலி பார்க்க வந்தார். தம்பி உட்கார்ந்து காட்டினான்.

"இவரா எடைக்கல்? காத்தடிச்சா பறந்துடுவார் போலிருக்கே!" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை.

எத்தனை நாள் பொறுப்பது? மணல் மூட்டைகளை வரவழைத்து நாற்காலிமேல் அடுக்கச் சொன்னேன். தம்பியின் பழைய உடம்பைவிடக் கனம். நாற்காலி முனகக்கூட இல்லை. தம்பி உளியைக் கீழே வைத்தான்.

"மூட்டையே போதும்னா இத்தனை வருஷமா என்னை எதுக்குண்ணே தின்ன வச்சு உக்கார வச்சே?"

இதில் மறைக்க என்ன இருக்கிறது?

"மூட்டையைப் பார்த்து எவன்டா சிரிப்பான்? உன்னைப் பார்த்துச் சிரிச்சவன்தான் வாங்கினான்."

தம்பி எழுந்தான். பள்ளிக்கூடம் விடும் முன்பே போய் மகளை அழைத்துக்கொண்டு, அப்படியே தன் மைத்துனன் வீட்டுக்குப் போய்விட்டான். அவன் மனைவியும் பின்னாலேயே போனாள். அங்கே அப்பனும் மகளும் இப்போது மைதானத்தில் ஓடுகிறார்களாம். ஓடட்டும். குடும்பப் பெயரைவிட மூச்சு பெரிதாகப் போய்விட்டது.

மூட்டைகளைக் காட்டினால் வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆள் வேண்டும். என் மாப்பிள்ளை பூசினாற்போல இருப்பார், கூச்ச சுபாவம், போதும் என்று சொல்லத் தெரியாது. இந்த வாரம் விருந்துக்கு அழைத்திருக்கிறேன்.